ஞாயிற்றுக்கிழமை பெய்யாத மழை

"ஏன் சார், உங்க ஆபீஸ்ல மட்டும் ஞாயித்துக்கிழமை மழையே பெய்யாதா?"

விழுப்புரத்தில் என் வீட்டு முன்னறையில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லா மேடம் இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வெளியே வைகாசி வெயில். மின்விசிறி அறையின் சூட்டை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இடமாற்றம் செய்துகொண்டிருந்தது.

அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு தூண்கள் போட்ட படம். செவ்வாய் முதல் சனி வரை ஏறக்குறைய ஒரே உயரம். திங்கள் மட்டும் தென்னை மாதிரி நின்றது. ஞாயிறு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தரை.

"ஆனி, ஆடி, ஆவணி. வருசா வருசம் இப்படித்தான் சார். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் 'மழை இல்லை'ன்னு ஒரே சீல். பக்கத்துக்குப் பக்கம் கீழ உங்க கையெழுத்து."

ரப்பர் ஸ்டாம்பு எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. செய்யச் சொன்னதே நான்தான். கோடையில் மாதம் முழுக்க 'மழை இல்லை' என்று கையால் எழுதுவது அரசு மைக்கு விரயம் என்று அப்போது தோன்றியது.

எந்த அலுவலகம், எந்தத் துறை என்று இந்தத் தொடரில் இதுவரை நான் சொன்னதில்லை. இனியும் சொல்லப்போவதில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், ஓர் ஏரிக்கரை ஓரம், புளியமரத்தடியில் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே எனக்குக் கீழே ஆறு பேர், ஒரு தட்டச்சுப்பொறி, ஒரு மழைமானி.

மேடத்தின் கெடு

ஸ்டெல்லா மேடம் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்டாச்சிபுரம் பக்கத்துக் கிராமம். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போய்ப் பெண்ணைப் படிக்கவைத்தவர்கள். இரண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய பிறகுதான் சொந்த ஆராய்ச்சிக்கு அவருக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

அவருடைய கேள்வியைக் கேட்டால் எளிமையாக இருக்கும். ஆடிப் பட்டத்தில் மானாவாரி விதைக்கிறவனுக்கு, பட்டத்தில் மொத்தம் எவ்வளவு பெய்தது என்பது முக்கியமில்லை. முதல் மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் எத்தனை நாள் காய்ந்தது என்பதுதான் முக்கியம். முளை விட்ட மல்லாட்டை அந்த இடைவெளியில்தான் சாகிறது. உலகம் சூடேறச் சூடேற மழை நாட்கள் குறைகின்றன, பெய்கிற நாளில் கொட்டித் தீர்க்கிறது என்று பல நாடுகளில் கண்டு சொல்லியிருக்கிறார்கள். நம் தாலுகாக்களிலும் அப்படித்தானா, அப்படியானால் விதைக்கிற வாரத்தை மாற்ற வேண்டுமா என்று பார்க்கக் கிளம்பினார் இவர்.

அதற்குப் பழைய பதிவு வேண்டும். அந்த வட்டாரத்தில் இடைவெளி இல்லாமல் நீண்ட பதிவு இருந்தது எங்கள் அலுவலகத்தில் மட்டும்தான். பதிவறையில் உட்கார்ந்து, கரையான் தின்றது போக மிச்சத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, கணினியில் ஏற்றி, கட்டுரை எழுதி அனுப்பிவிட்டார்.

கட்டுரையைப் பரிசீலித்த நிபுணர் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். பழைய நாட்களிலேயே மழை மொத்தமாகக் கொட்டியதாகத்தானே இந்தப் பதிவு சொல்கிறது, பிறகு என்ன மாற்றம்? இரண்டாவது, இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் மேகத்துக்கு விடுமுறையா? காரணம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இந்த நிலையத்தை நீக்குங்கள்.

"நீக்கிட்டா கட்டுரையில ஒண்ணும் இல்ல சார். மூணு வருச வேலை. இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் போட்டாகணும்."

"மழையை அளந்தவன் கோதண்டம். அலுவலக உதவியாளர். அவனைக் கேட்டீங்களா?"

"ஓய்வூதியர் சங்கத்துல அட்ரஸ் வாங்கிப் போய்ட்டு வந்துட்டேன். தண்ணி குடுத்தாரு, டீ குடுத்தாரு. 'எனக்கு ஒண்ணும் நெனப்பில்லம்மா'ன்னுட்டாரு."

எனக்குப் புரிந்துபோனது. இத்தனை வருட உத்தியோகத்தில் 'நினைப்பில்லை' என்ற பதிலை நான் நிறைய வாங்கியிருக்கிறேன். அதைச் சொல்கிறவனுக்கு எல்லாம் நினைப்பிருக்கும். கோதண்டம் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுத்துக்கொண்டான், திங்கட்கிழமை வந்து இரண்டு நாள் தண்ணீரையும் ஒன்றாக அளந்தான். தீர்ந்தது விஷயம்.

"நான் வர்றேன். என் எதிர்ல அவன் பொய் சொல்ல மாட்டான்" என்றேன்.

மண்டியிடும் மனிதர்

கோதண்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மழைமானி என்பது பெரிய சமாசாரம் இல்லை. தரையில் பதித்த ஓர் உருளை, அதன் வாயில் புனல், உள்ளே ஒரு பாத்திரம். காலை எட்டரைக்குப் பாத்திரத்தை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுத வேண்டும். பத்தாம் வகுப்பு படித்தவன் செய்யலாம். கோதண்டம் எட்டு வரை படித்தவர்.

ஆனால் அவர் செய்கிற அழகு தனி. குவளையைத் திட்டின்மேல் வைத்து, சேற்றில் மண்டியிட்டு, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவருவார். மூச்சை அடக்கிக்கொள்வார். காக்கி நிக்கர் காலத்திலிருந்து பேன்ட் காலம் வரை அவர் முழங்காலில் மட்டும் செம்மண் கறை போகவே இல்லை. வேலிக்குள் ஆடு நுழைந்தால், "கவர்மென்ட்டு மழைய குடிக்க வந்துட்டியா?" என்று துரத்துவார்.

ஒருமுறை புதிதாக வந்த மேலதிகாரி, நின்றபடியே குவளையைப் பார்த்து, "பதினெட்டு" என்றார். கோதண்டம் கைகட்டிக்கொண்டு, "ஐயா நிக்கறதால பதினெட்டு. குனிஞ்சா பதினேழு" என்றார். அதிகாரி குனிந்தார். பதினேழு.

அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை ஏமாற்றியிருப்பார் என்று நான் எப்படி நம்பினேன்? சுலபமாக நம்பினேன். கீழே இருக்கிறவன்தான் தவறு செய்வான் என்பது நாங்கள் பணியில் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொள்கிற பாடம்.

என் பழைய வெற்றி ஒன்று

சென்ற வாரம் மாற்றல் ஆணைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'நீங்கள் வேலையில் ஜெயித்த கதையே கிடையாதா?' என்று கேட்டிருக்கிறார். உண்டு. அது அந்த ஏரிக்கரை அலுவலகத்தில்தான் நடந்தது.

நான் பொறுப்பேற்ற முதல் வருடம். தணிக்கைக் குழு வந்தது. மூன்று நாள் எங்கள் பதிவேடுகளைக் குடைந்து, போகும்போது ஒரு பத்தி எழுதிவைத்துவிட்டுப் போனது. அலுவலக உதவியாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் பணி செய்ததாக மழைப் பதிவேட்டிலிருந்து தெரியவருகிறது. விடுமுறை நாளில் பணிக்கு வர ஆணையிட்டது யார்? அதற்கு ஈடுசெய் விடுப்பு வழங்கப்பட்டதா? வழங்கப்படவில்லையெனில் ஏன்? வழங்கப்பட்டதெனில் எந்த விதியின் கீழ்?

ஐப்பசி முதல் மார்கழி வரை கவலையில்லை. வெள்ளக் காலம். ஞாயிறும் அளக்கச் சொல்லி மேலிடத்து ஆணை இருந்தது. மிச்சம் ஒன்பது மாதத்துக்கு ஆணை இல்லை. ஆணை இல்லாமல் ஒருவன் வேலை செய்வது, ஆணை இருந்தும் செய்யாமலிருப்பதைவிடப் பெரிய குற்றம். பின்னதற்கு விளக்கம் கேட்கப் படிவம் இருக்கிறது. முன்னதற்குப் படிவமே இல்லை.

அந்தத் தணிக்கைப் பத்தியை ஒரே வாரத்தில் தீர்த்துவைத்தேன். 'இனி இவ்வாறு நிகழாவண்ணம் நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி. 'ஆட்சேபணை கைவிடப்பட்டது' என்று பதில் வந்தது. அந்தத் தாளைப் பல வருடங்கள் கோப்பில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

என்ன நடவடிக்கை எடுத்தேன் என்பது மறந்துவிட்டது. வெற்றி மட்டும் நினைவிருந்தது.

கண்டமங்கலம் போனோம்

மேடத்தின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். என் மனைவி வாசலில் நின்று, "கெட்டியா புடிச்சிக்கோங்க. விழுந்தா விபத்து அறிக்கை மூணு நகல் நீங்களே எழுதணும்" என்று வழியனுப்பினாள்.

புதுச்சேரி சாலையில் வேலைக்குப் போகிற கூட்டம் பேருந்துப் படியில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்டமங்கலம் தாண்டி இடப்பக்கம் மண்பாதை. ஓய்வுக்குப் பிறகு கோதண்டம் குடிவந்த வீட்டுக்குப் பக்கத்தில் அரை ஏக்கர் மேட்டு நிலம் உழுதபடி கிடந்தது.

பச்சையம்மா, அவர் மனைவி, முதலில் வந்தார். "இன்னா சார், இப்படி எளச்சிட்டீங்க? வூட்ல அம்மா சோறு போடறாங்களா, இல்ல அதுக்கும் மனு குடுக்கணுமா?"

"மனு நிலுவையில இருக்கு" என்றேன்.

கோதண்டம் கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். ஓய்வுபெற்று எத்தனையோ வருடம் ஆகியும் நான் வந்தால் எழுந்துதான் நிற்பார். உட்காரச் சொல்லி, நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"ஏன்யா, ஆடி ஆவணியில ஞாயித்துக்கிழமை எங்கய்யா போன? மேடத்தோட மூணு வருச வேலை ஒன்னால நிக்குது. நடந்ததைச் சொல்லிடு. நாலு வருசத்துக்கு முந்துன விஷயத்துக்கு ஓய்வுபெற்றவன்மேல புதுசா நடவடிக்கை எடுக்க விதியே கிடையாது. தைரியமா சொல்லு."

கோதண்டம் தரையைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார்.

"ஆமாம்மா. நான்தான் வர்றதில்ல. ஞாயித்துக்கெழம படுத்துக்குவேன். அப்படியே எழுதிக்கோங்க. பியூனு வேலைக்கு மட்டம் போட்டான்னா எவன் கேக்கப் போறான்? சார் பேரு மட்டும் அதுல வாணாம்."

உள்ளே டம்ளர் கழுவும் சத்தம் நின்றது. பச்சையம்மா ஈரக் கையோடு வெளியே வந்தார்.

"இன்னாது? படுத்துக்குவியா? யோவ், வாய் கூசல? ஞாயித்துக்கெழம கறி எடுத்தாந்து வச்சிக்கினு நான் பாத்துக்கினு இருப்பேன். எட்டு மணியானா சைக்கிள எடுத்துக்கினு பூடுவாரும்மா இந்த ஆளு. எங்க அண்ணன் பொண்ணு நிச்சயத்துக்கு மழைய அளந்துட்டுத்தான் வந்தாரு. அன்னிக்கு மழையே பேயல!"

"ஏய், சும்மா இரு."

"நீ சும்மா இருந்ததாலதான் இவ்ளோ பேஜாரு. சார், ஒங்களுக்கே நெனப்பில்லையா? புளியமரத்தடியில வச்சி நீங்கதானே இவருகிட்ட சொன்னீங்க? அன்னிக்கு வூட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு எறங்கல இவருக்கு."

எனக்கு நினைவு வந்தது. புளியம்பூ உதிர்ந்துகிடந்த தரை. கையில் தணிக்கைப் பத்தி. எதிரே கைகட்டி நின்ற கோதண்டம். 'ஞாயிற்றுக்கிழமைக்குச் சீல் போட்டுடு. பெஞ்சிருந்தா திங்கட்கிழமைக் கணக்குல சேத்துக்க. மொத்தம் மாறாது இல்ல? அவ்வளவுதான் விஷயம்.'

மொத்தம் மாறாது. அதுதான் என் நடவடிக்கை. நான் மாற்றலாகிப் போன பிறகும், 'முந்தைய நடைமுறைப்படி' என்று எனக்குப் பின்னால் வந்த எல்லோரும் அதையே செய்திருக்கிறார்கள்.

ஸ்டெல்லா மேடம் என்னைப் பார்க்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை.

சிவப்புத் தாள்கள்

"அப்ப அந்த ஞாயித்துக்கிழமை அளவு ஒண்ணுமே இல்லையாங்க?" என்று மேடம் மெல்லக் கேட்டார்.

கோதண்டம் என்னைப் பார்த்தார். அனுமதி கேட்கிற பார்வை. நான் தலையாட்டினேன். உள்ளே போனார்.

மளிகைக் கடையில் ரசீது குத்தி வைக்கிற வளைந்த கம்பிகள் மூன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் தினசரி காலண்டர் தாள்கள். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைத் தாள்கள். தேதி சிவப்பில் அச்சடித்தவை. ஓரம் பழுத்து, அடுப்புப் புகை ஏறி, கம்பி துருப்பிடித்து நடுவில் ஒரு பழுப்பு வட்டம். ஒவ்வொன்றின் பின்பக்கமும் இரண்டு எண்கள், கோதண்டத்தின் குண்டுக் கையெழுத்தில். மேலே ஞா, கீழே தி.

"மழ பேஞ்ச ஞாயித்துக்கெழம தாளு மட்டும் வச்சிக்கினேன். பேயாதத இவ கேப்ப வட தட்டி வைக்க எடுத்துக்குவா" என்றார். பிறகு என்னிடம், ஏதோ குற்றத்துக்கு விளக்கம் சொல்வதுபோல, "புக்குல போடக்கூடாதுன்னீங்க சார். காலண்டர்ல போடக்கூடாதுன்னு சொல்லலியே" என்றார்.

விதிகளை நான் அறிந்த அளவுக்கு அறிந்த இன்னொருவர் எனக்குக் கீழே ஆறு பேரில் ஒருவராக இருந்திருக்கிறார்.

மேடம் உணர்ச்சிவசப்படவில்லை. ஆராய்ச்சிக்காரர். மடிக்கணினியைத் திறந்தார். "சார், நீங்க தாளைப் படிங்க. நான் பதிவேட்டைப் பாக்கறேன்" என்றவர், கோதண்டத்தின் பக்கம் திரும்பினார். "உங்க ரெண்டு நம்பரும் கூட்டினா திங்கக்கிழமை நம்பர் வரணும். வரலைன்னா இதை நான் எடுத்துக்க முடியாது. தப்பா நெனச்சிக்காதீங்க" என்றார்.

"பாருங்கம்மா. அதான் கரெக்ட்டு."

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் தாளைப் படித்தேன். தேதி சொன்னேன். ஞாயிறு பன்னிரண்டு. திங்கள் ஏழு.

"பத்தொன்பது. இருக்கு."

அடுத்தது. நான்கு, ஒன்பது.

"பதிமூணு. இருக்கு."

பச்சையம்மா வேலையை விட்டுவிட்டுக் கதவில் சாய்ந்து நின்றார். ஒவ்வொரு 'இருக்கு'க்கும் கணவனைப் பார்த்து முகவாயை ஆட்டினார். ஒரு தாளில் மட்டும் இடித்தது. கூட்டினால் இருபத்தொன்று, பதிவேட்டில் பன்னிரண்டு. எல்லோரும் கோதண்டத்தைப் பார்த்தோம். அவர் எழுந்து வந்து, மேடத்தின் திரையில் அந்தப் பக்கத்தின் படத்தை உற்றுப் பார்த்தார்.

"அது என் கையெழுத்து இல்லம்மா. அன்னிக்கு எனக்கு ஜொரம். தாளுல இருக்கறதுதான் சரி. அளந்து வாயால சொல்லிட்டு வூட்டுக்குப் பூட்டேன். புக்குல இருபத்தொண்ண திருப்பிப் போட்டு பன்னண்டுன்னு எழுதிப்புட்டானுங்க."

பதிவேட்டில் அந்த எழுத்து ஒல்லியாக, வலப்பக்கம் சாய்ந்து இருந்தது. அது என் எழுத்து. அதையும் ஒப்புக்கொண்டேன். அன்றைக்கு எனக்குத் தனித்தனியாக ஒப்புக்கொள்ளும் சிரமம் வைக்கக் கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ, எல்லாம் ஒன்றாகவே வந்து சேர்ந்தது.

இரண்டாவது கம்பி முடிந்தபோது மேடம் நிறுத்தினார். திரையைத் திருப்பிக் காட்டினார். ஏழு தூண்களில் ஞாயிறு எழுந்து நின்றது. திங்கள் குனிந்து மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.

"பாத்தீங்களா சார்? அப்போ உண்மையிலேயே நாலு, ஏழு, ஒன்பதுன்னு சின்னச் சின்னதா பல நாள் பெஞ்சிருக்கு. நீங்க கூட்டி எழுதினதால கொட்டின மாதிரி தெரிஞ்சிருக்கு. இப்ப பெய்யறதுதான் நெஜமாவே கொட்டறது."

நாங்கள் காகிதத்தில் செய்ததை இப்போது வானம் நேரிலேயே செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மொத்தம் மாறவில்லை. நடுவில் உள்ள நாட்கள் காணாமல் போய்விட்டன.

"எனக்கு அது போன வருசமே தெரியும்மா" என்றார் கோதண்டம். வெளியே உழுத நிலத்தைக் காட்டினார். "ஆடியில ஒரே ராவுல ஊத்துச்சி. ஜல்தியா மல்லாட்ட போட்டேன். அழகா மொளச்சிது. அப்புறம் ஒரு தூறல் இல்ல. அம்மாம் வெதையும் காஞ்சி பூடுச்சி. பழைய நெனப்புல போட்டுட்டேன். அப்பல்லாம் மொத மழ வந்தா பின்னாடியே ரெண்டு மூணு வரும்."

"அதைத்தான் நான் எழுதப்போறேன். முதல் மழையை நம்பிப் போடாதீங்க, ரெண்டாவது வர்ற வரைக்கும் பொறுங்கன்னு. குறுகிய கால ரகமா இருந்தா பொறுக்கறதுல நஷ்டம் இல்ல" என்றார் மேடம். "ஆனா நான் சொன்னா போதாது. அதைக் காட்டறதுக்கு உங்க தாளு வேணும்."

பொருள், பார்வை

தாள்கள் போதாது. அவை எப்படி உண்டாயின என்று எழுத்தில் ஒருவர் சொல்ல வேண்டும். பொறுப்பில் இருந்தவர் சொன்னால்தான் அந்த நிபுணர் ஏற்பார்.

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் வந்தது. 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டும், அப்போதிருந்த பணியாளர் பற்றாக்குறையைக் கருத்தில் கொண்டும்' என்று தொடங்கினேன். மேடம் வந்து படித்தார். இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, "நல்லா இருக்கு சார். ஆனா என்ன நடந்ததுன்னு இதுல இல்லையே" என்றார்.

காபி கொண்டுவந்த என் மனைவி, "அப்படி எழுதத்தானே அவருக்கு இத்தனை வருசம் சம்பளம் கொடுத்தாங்க" என்றாள்.

கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஆறு வரி.

பொருள்: ஞாயிற்றுக்கிழமை மழையைத் திங்கட்கிழமையில் சேர்த்து எழுதியது. பார்வை: என்னுடைய வாய்மொழி உத்தரவு, நாள் நினைவில்லை. அதன் கீழே, அலுவலக உதவியாளர் திரு. கோதண்டம் எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து அளந்தார் என்றும், எழுத வேண்டாம் என்று சொன்னது நான் என்றும், அவர் தனியே வைத்திருந்த தாள்களே சரியான பதிவு என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன். எனக்கு எதிராக நானே எழுதிய முதல் குறிப்பாணை. நகல் ஒன்றைக் கண்டமங்கலத்துக்குத் தபாலில் அனுப்பினேன்.

ஆனி மாதம் நிபுணரிடமிருந்து பதில் வந்தது. இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். இரண்டும் கணக்குமுறை பற்றியவை. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நிலையத்தை நீக்கச் சொல்லவும் இல்லை. கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் கோதண்டத்தின் பெயர் வருகிறது. என் பெயர் முறைகள் என்ற பகுதியில், பிழைக்கான காரணம் என்ற வரியில் வருகிறது. விதிப்படி அதுதான் சரியான இடம்.

ஆடி பிறந்து முதல் மழை பெய்தது. மறுநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு முப்பத்தைந்து.

"சார், கோதண்டம். முப்பத்தாறு மில்லி."

"எதுல அளந்த?"

"நம்ம ஆபீஸ் குவளதான் சார். கழிச்சிக் கட்டுன சாமான் ஏலத்துல நான்தானே எடுத்தேன். நீங்கதான் கையெழுத்து போட்டீங்க."

அதுவும் மறந்திருந்தது.

"வெதைச்சிட்டீங்களா?" என்றேன். அந்த 'ங்க' என் வாயிலிருந்து வந்ததை இருவருமே கண்டுகொள்ளவில்லை.

"இல்ல சார். இன்னொன்னு வரட்டும். மேடம் சொல்லிக்கீறாங்க. பச்சையம்மா வெதைய எடுத்து உறியில கட்டிட்டா. நான் தொடக்கூடாதாம்."

அந்தப் பக்கம் ஆடு கத்தியது. கோதண்டம் அதை அதட்டினார்.

"சார், பக்கத்துல பேனா கீதா?"

"இருக்கு."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம. ஞாயித்துக்கெழமையிலயே எழுதிக்கோங்க."

உள்ளே போய்க் காலண்டரைப் பார்த்தேன். தேதி சிவப்பில் இருந்தது. தாளைக் கிழித்து, பின்பக்கம் முப்பத்தாறு என்று எழுதி, குத்திவைக்க ஒரு கம்பி தேடினேன்.